வெற்றிலை வாங்கிய கணக்கு வாத்தியார்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாய்க்குப் பயம், ஊசிக்குப் பயம், மேலதிகாரிக்குப் பயம், பேச்சு வளர்ந்துவிடுமோ என்று பயம். நான் பெண் பார்க்கப் போன அன்றே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாளாம். காப்பி சூடாக இருக்கிறது என்று சொல்லப் பயந்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன் என்று இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். என் பயத்தால் எனக்கு மட்டும்தான் நஷ்டம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை என்பது காரைக்காலில் தெரிந்தது.

பாண்டிச்சேரி வாத்தியார்களுக்குக் காரைக்கால் என்பது ஊரின் பெயர் இல்லை, ஒரு கால அளவு. “எத்தனை வருஷம் காரைக்கால் முடிச்சே?” என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். நடுவில் தமிழ்நாடு கிடக்கிறது. பஸ்ஸில் நான்கு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் பெட்டியோடு பஸ் நிலையத்தில் நிற்கும்போது, மறுநாள் திருநள்ளாற்றில் எள் விளக்குப் போட வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். சனி பிடித்தவர்கள் வருகிறார்கள், சனி விட்டவர்கள் போகிறோம் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. அங்கே வேலை பார்க்க வருகிறவனுக்கு நான் அறிந்தவரை ஒரே ஒரு சலுகைதான்: சில வருடங்களைக் கழித்துவிட்டால் திரும்பிப் போகலாம். வருவதற்குத் தருகிற பரிசே போவதற்கான உரிமை என்றால், வருகிறவன் எப்படி மூட்டையை அவிழ்ப்பான்? நான் அவிழ்க்கவில்லை. நேரு வீதிக் கடை ஒன்றில் வாங்கிய புதுத் தலையணையின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான்கு வருடமும் கழற்றாமல் படுத்திருந்தேன்.

எனக்குக் கிடைத்தது காரைக்கால்மேட்டைத் தாண்டிக் கடலோரமாக இருந்த ஒரு மீனவர் கிராமத்து நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. எனக்கு முன்னால் இருந்த கணக்கு வாத்தியார் ஒன்பது மாதம் இருந்தாராம், அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு மழைக்காலம். முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம், “இவரு எத்தினி நாளுடா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. கேலி இல்லை, உண்மையாகவே விசாரித்தான். வகுப்பின் ஜன்னல் கடலைப் பார்த்து இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அலை எழும்பும் சத்தம் கேட்டால் என் சாக்பீஸ் தானாக நின்றுவிடும். பிள்ளைகள் என்னைப் பார்த்து ரகசியமாகச் சிரிப்பார்கள்.

ஆனால் கணக்கு எனக்கு வரும், கற்றுக்கொடுக்கவும் வரும். வேறு எதிலும் தைரியமில்லாத எனக்குக் கரும்பலகையின் முன்னால் மட்டும் தைரியம் வந்துவிடும். ஆள் பற்றாக்குறை என்பதால் ஐந்தாம் வகுப்புக் கணக்கையும் நானே எடுத்தேன். அங்கேதான் அந்தப் பெண் இருந்தாள். அவளுடைய அம்மா அலுமினிய அன்னக்கூடையில் மீன் எடுத்துக்கொண்டு நெரவி, சுரக்குடிப் பக்கம் தெருத்தெருவாக விற்கப் போகிறவர். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்.

பின்னம் நடத்திய அன்று அவள் எழுந்து நின்று கேட்டாள்: “அரையில பாதி கால். காலுல பாதி அரைக்கால். இப்படியே பாதி பாதியா போனா எப்ப சார் ஒண்ணும் இல்லாம போவும்?” நான் அவளையே யோசிக்கச் சொன்னேன். மறுநாள் நோட்டு முழுக்கப் பாதி பாதியாக வகுத்துக்கொண்டு வந்தாள். “இல்லாம போவாது சார். சின்னதாத்தான் ஆவும்” என்றாள். பத்து வயதுப் பிள்ளை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. இப்படி ஒரு பிள்ளை கையில் கிடைத்தால் அதற்கு எதையாவது செய்தாக வேண்டுமே என்ற பயம்.

செய்வதற்கு ஒன்று இருந்தது. ஆறாம் வகுப்பில் சேர்க்க நுழைவுத் தேர்வு வைக்கும் அரசு விடுதிப் பள்ளி ஒன்று பக்கத்திலேயே உண்டு. மாவட்டம் முழுவதிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுப்பார்கள். தங்குவதும் சாப்பாடும் படிப்பும் இலவசம். எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் உண்டு. எங்கள் ஊரிலிருந்து வருடத்துக்கு ஒருவரோ இருவரோ அங்கே போய்விடுவார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்களின் பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போய்விடுவார்கள். எஞ்சியவர்கள் எங்களிடம் இருந்தார்கள். எண்ணிக்கை குறையக் குறைய ஆசிரியர் இடமும் குறைந்தது. நான் போவதற்கு முந்தின வருடம்தான் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை இதைப் பற்றிச் சண்டை வந்தது. பள்ளிக்கூடம் ஏன் இப்படி இருக்கிறது, எட்டாவது படிக்கிற பையனுக்கு வாய்ப்பாடு தெரியவில்லையே என்று ஒருவர் எழுந்து சத்தம் போட்டார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழி என் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை நீங்களே வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறீர்கள்; ஒரு வகுப்பில் நாலு பேராவது நன்றாகப் படித்தால்தான் அவர்களைப் பார்த்து மற்றவர்களும் படிப்பார்கள்; எல்லாப் பிள்ளைகளும் இங்கேயே இருந்தால் இந்தப் பள்ளிக்கூடம் ஏன் உருப்படாது என்று கேட்டேன். பொய் இல்லை. இன்றைக்கும் அதை நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு அதை நம்பிக்கையால் சொல்லவில்லை, தப்பிப்பதற்காகச் சொன்னேன். சத்தம் போட்டவர் அடங்கிவிட்டார். நானும் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

அந்த மாதம் என் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, பாண்டிச்சேரிக்கு மாறுதல் கேட்டு நான் கொடுத்துவிட்ட விண்ணப்பத்தின் நகல். என் மகளுக்கு வீசிங். மாதத்துக்கு ஒரு தடவையாவது அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது, மனைவி தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். வரிசையில் என் முறை நெருங்கிவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். இன்னொன்று, அந்தப் பெண்ணின் நுழைவுத் தேர்வு விண்ணப்பம். அவளுடைய அம்மா பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்திருந்தார். பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் கைநாட்டு இல்லை, கையெழுத்தே இருந்தது. அதை அவர் என் மேசை மேல் வைத்து மெதுவாகப் போட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை சான்றிட்டு, பதிவேற்ற வேண்டியதுதான் பாக்கி. கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

அமாவாசையன்று படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. பள்ளி விடுகிற நேரத்தில் ஒருவர் வந்து, பஞ்சாயத்தார் கூப்பிடுகிறார்கள் என்றார். அந்த ஊரில் எதையும் முடிவு செய்வது பஞ்சாயத்துதான். எந்த வலையைப் போடலாம், எந்த நாள் கடலுக்குப் போகக் கூடாது, யாருக்கும் யாருக்கும் என்ன தகராறு, எல்லாம் கோயில் மண்டபத்தில் பேசி முடிப்பார்கள். முடித்துவிட்டால் மைக்கில் சொல்வார்கள். சொல்லிவிட்டால் ஊர் முழுக்க அதற்குக் கட்டுப்படும். என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நினைத்து, போகிற வழியில் நான் செய்த தப்பையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். ஒரு பையனின் காதைத் திருகியது ஞாபகம் வந்தது.

மண்டபம் நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே, வேப்ப மரத்தடியில் நின்றார்கள். தலைவர் படகு வைத்திருப்பவர், நரைத்த மீசை, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். எனக்கு நாற்காலி போட்டார்கள். பிறகு அவர் என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

“நல்ல மீனெல்லாம் ஏலத்துல எடுத்து வெளியூருக்கு ஏத்திடுறாங்க. நமக்கு மிஞ்சுறது கழிசல்தான். புள்ளைங்களையும் அதே மாதிரிதான் அனுப்பிட்டு இருக்கோம்னு அன்னைக்கு சார் சொன்னாங்க. யோசிச்சுப் பார்த்தோம். சரியாத்தான் இருக்கு.”

நான் மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொன்னதன் சாரம் அதுதான். அவர்கள் எடுத்திருந்த முடிவு இது: வருகிற ஜூனிலிருந்து ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட வேனில் ஏறாது, விடுதிப் பள்ளிக்கும் பரீட்சை எழுதாது. பணக்காரன் பிள்ளை, ஏழைப் பிள்ளை, கெட்டிக்காரன், மக்கு, எல்லாம் எட்டாவது வரைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான். அதற்குப் பதிலாகக் கணக்கு சார் ஊரை விட்டுப் போகக் கூடாது. இவ்வளவு பிள்ளைகளை ஒருவரை நம்பி ஒப்படைக்கும்போது அவரும் ஒரு வார்த்தை தர வேண்டும் அல்லவா?

தட்டில் வெற்றிலை பாக்கு வந்தது. தலைவர் இப்போது என் முகத்தைப் பார்த்தார். “இத வாங்கிட்டா வார்த்தை குடுத்த மாதிரிங்க சார்.”

அரசாங்க வேலை அப்படியில்லை, மாற்றுவதும் வைப்பதும் என் கையில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுகூட முழுப் பொய்தான். விண்ணப்பம் கொடுத்தவனே நான். நான் ஏற்கெனவே மாறுதல் கேட்டிருக்கிறேன், இந்த முடிவை எடுக்காதீர்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நூறு பேருக்கு மேல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கோபப்பட்டால் என்ன ஆகும், இங்கிருந்து எப்படி வெளியே போவேன் என்பதுதான் மனதில் ஓடியது. கோபப்படுவதற்கான அறிகுறி ஒன்றுகூட அங்கே இல்லை. நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டேன். மரியாதைக்குத் தந்தார்கள் என்று நினைத்து வாங்கிவிட்டேன் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். என்ன வாங்குகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூட வாசலில் நின்றார். விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல வந்திருந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. பாப்பா ராத்திரி அழுததாகவும், ஊர் சொன்ன பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று தான் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறகு, “அங்க போனா என்னென்னமோ கிடைக்கும்னு சொன்னாங்க. கிடக்குது. நீங்க இருக்கீங்கல்ல சார், அது போதும்” என்றார். உங்கள் பாப்பா எங்கே படிக்கிறாள் என்று போகிற போக்கில் கேட்டார். பாண்டியில் என்று மழுப்பினேன். தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிற பெரிய பள்ளிக்கூடம் அது. அவளைச் சேர்ப்பதற்காக மூன்று மாதம் தனி வகுப்புக்கு அனுப்பியிருந்தோம்.

அவர் திரும்பிச் சந்து முனை தாண்டுகிறவரை எனக்கு நேரம் இருந்தது. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். நான் கூப்பிடவில்லை. விண்ணப்பம் என் பையிலேயே கிடந்தது. கடைசித் தேதியன்று அதை எடுத்து ஒருமுறை பார்த்தேன், மறுபடி உள்ளே வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்புவது கடினம். பள்ளிக்கூடம் எழுந்து நின்றது. ஜூன் வரைக்கும்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. பாதி வருடத்திலேயே மஞ்சள் வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி எங்களிடம் வந்தார்கள். படகு முதலாளியின் பேத்தியும் கூலிக்காரர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றதும் பெற்றோருக்கும் அக்கறை வந்தது. குடிநீர்க் குழாய் சரியாயிற்று, ஓட்டை ஜன்னலுக்குக் கதவு வந்தது, யாரோ சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் பக்கத்திலிருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து இன்னும் கூர்மையானாள். கெட்டிக்காரர்களைத் தனியாகப் பிரிக்காமல் வைத்தால் என்ன நடக்கும் என்று புத்தகத்தில் படித்தவன் நான். அதை என் கண்ணால் பார்த்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு புதுப் பிள்ளை வந்து சேரும்போதும் எனக்குப் பயம்தான் கூடியது. இவளும் என்னை நம்பி வந்திருக்கிறாள் என்று மனம் கணக்குப் போட்டது.

தபால்காரரைக் கண்டால் பயம், தலைமை ஆசிரியையின் கைபேசி அடித்தால் பயம். மாறுதல் விருப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். எழுதி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அலைந்தேன். திங்கட்கிழமை காலை காரைக்காலில் இறங்கும்போது கொடுத்துவிடலாம் என்று தோன்றும். வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் மகள் நெபுலைசர் முகமூடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கிழித்துவிடலாம் என்று தோன்றும். கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. முடிவெடுக்காமல் இருந்தால் முடிவு வேறு யாரோ எடுத்ததாக ஆகிவிடும் என்று ஒரு கோழைத்தனமான ஆறுதல் எனக்கு இருந்தது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரமே ஆணை வந்துவிட்டது. தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். அன்று வெள்ளிக்கிழமை. ஆறாம் வகுப்புக்கு வந்திருந்த அந்தப் பெண், புதுக் கணக்குப் புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். திங்கட்கிழமை முதல் பாடம் தொடங்கலாம் என்று அவளிடம் சொன்னேன். வழக்கம்போல ஒரே ஒரு பையோடு கிளம்பினேன், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று. அறையில் இருந்த மற்ற சாமானையெல்லாம் ஒரு மாதம் கழித்து நண்பர் ஒருவரை விட்டு எடுத்துவரச் செய்தேன். நான் திரும்பிப் போகவில்லை.

பாண்டிச்சேரியில் என் மகளுக்கு உடம்பு தேறியது. நான் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுச் சதை போட்டேன். ஆனால் கைபேசியில் காரைக்கால் நம்பர் எது வந்தாலும் எடுக்க மாட்டேன். அடித்து ஓய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் பழையபடி வேனில் ஏறியிருப்பார்கள், அவள் எங்கேயாவது நன்றாகப் படித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே.

இரண்டரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கைபேசியை எடுத்துவிட்டாள். காரைக்காலிலிருந்து யாரோ ஒரு அம்மா என்று என் ஈரக் கையில் கொடுத்தாள். குரல் கேட்டதும் தெரிந்துவிட்டது. திட்டப் போகிறார் என்று சுவரில் சாய்ந்துகொண்டேன். அவர் முதலில் என் மகளின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு சொன்னார்: பாப்பா எட்டாவது படிக்கிறாள். அந்த விடுதிப் பள்ளியில் ஒன்பதாவதில் சேரவும் ஒரு தேர்வு இருக்கிறதாம். விண்ணப்பிக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. எட்டாவது படிக்கும்போதே எழுத வேண்டிய தேர்வு அது; விடுதிப் பள்ளிக்குப் பரீட்சையே எழுதக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடு இருப்பதால் போட முடியவில்லை.

எனக்குப் புரியவில்லை. நான்தான் வந்துவிட்டேனே, இன்னும் என்ன கட்டுப்பாடு என்று கேட்டேன்.

“நீங்க போனதுக்கப்புறமும் ஊர் அப்படியேதாங்க சார் இருக்கு. வெத்தலை வாங்குனவங்க வந்து திருப்பிக் குடுக்காம எப்படி அவுக்குறதுன்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாங்க. நீங்க வேற ஒண்ணும் செய்ய வேணாம். வந்து அதக் குடுத்துட்டுப் போயிருங்க.”

வேறு எந்த ஊராக இருந்தாலும் வாத்தியார் போன மறுநாளே எல்லோரும் அவரவர் வழியைப் பார்த்திருப்பார்கள். இரண்டு பக்கமும் கொடுத்துக்கொண்ட வார்த்தையை ஒரு பக்கத்தான் விட்டு ஓடிப்போன பிறகும், இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் பதிலாக யாரும் நியமிக்கப்படவில்லை. அறிவியல் டீச்சர் தன் பாடத்தோடு கணக்கையும் முடிந்தவரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியும் அந்தப் பிள்ளைகள் எல்லோரும், படகு முதலாளியின் பேத்தி உட்பட, அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரமே அமாவாசை வந்தது; எல்லோரும் கரையில் இருக்கும் நாள் என்று அன்றைக்கே போனேன். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கினேன். கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார், பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். மண்டபத்தில் நுழைந்தபோது என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடிப்பார்கள் என்றுகூட நினைத்துவிட்டேன். மனைவியிடம் பஸ்ஸில் இருந்தே போன் செய்து, மாலைக்குள் பேசாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதே ஆட்கள், அதே மீசை. நாற்காலியும் போட்டார்கள். நான் உட்காரவில்லை. வெற்றிலையைத் தட்டில் வைத்து, வார்த்தை கொடுத்த அன்றைக்கே நான் மாறுதல் கேட்டிருந்தேன், அதைச் சொல்லப் பயந்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தலைவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.

யாரும் சத்தம் போடவில்லை. அவர் தட்டை வாங்கி ஓரமாக வைத்தார்.

“பயப்படுறது தப்பில்லைங்க சார். கடலுக்குப் போற நாங்களே பயப்படுவோம். கரையில ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா, அன்னைக்கே அவுத்து விட்டிருப்போம்.”

அவ்வளவுதான். மைக்கில் அறிவித்தார்கள். இனி யாரும் எங்கே வேண்டுமானாலும் பிள்ளையைச் சேர்க்கலாம், பரீட்சை எழுதலாம் என்று கோயில் கோபுரத்திலிருந்த குழாய் ஒலிபெருக்கி ஊர் முழுக்கச் சொன்னது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அடித்திருந்தால் வலித்து முடிந்திருக்கும்.

அந்த அம்மா வெளியே காத்திருந்தார். அறிவியல் டீச்சரிடம் சொல்லி விண்ணப்பத்தை அன்றைக்கே அனுப்பினோம். பிறகு, கிளம்புவதற்கு முன்னால் பாப்பாவைக் கொஞ்சம் பாருங்களேன் என்றார். பள்ளிக்கூடத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். உயரமாகிவிட்டாள், இரட்டைச் சடை. வணக்கம் சொன்னாள், மரியாதையாக, பழைய சிரிப்பில்லாமல். பாண்டியில் வாங்கிப் போயிருந்த மாதிரி வினாத்தாளை அவள் முன்னால் வைத்தேன்.

முதல் கணக்கு சுலபமானது. எக்ஸை இரண்டால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் பதினேழு. “ஆறு” என்று உடனே சொன்னாள். எப்படி என்று கேட்டேன். “ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன் சார். ஆறு சரியா வந்துச்சு.” அடுத்ததில் இரண்டு பக்கமும் எக்ஸ் இருந்தது, விடை பின்னமாக வரும். அவள் தாளின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். இருபதைத் தாண்டினாள். விடவில்லை. பாதியில் பாதி இல்லாமல் போகாது என்று பத்து வயதில் தானாகக் கண்டுபிடித்தவள், ஒரு கணக்கை எப்படிப் பிரித்துப் போடுவது என்று யாரும் காட்டாததால் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இதுக்கு வேற வழி இருக்கா சார்? எங்களுக்கு நடத்தலை.”

குறை சொல்கிற குரலே இல்லை. இருக்கிறது, சுலபம்தான், தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று படபடவென்று பேசினேன். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வருகிறேன், ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துவிடலாம் என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

அவள் “சரிங்க சார்” என்றாள். பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து ஓரக் கோடு போட்டாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இன்னைக்கே எவ்வளவு முடியுமோ அவ்வளவும் சொல்லிக் குடுத்துருங்க சார்.”